வெள்ளை சஃபையர் வைரத்துக்கு மாற்றாகுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வரும் தை மாதத்தில் என் மகளுக்குத் திருமணம் வைத்திருக்கிறோம். மார்த்தாண்டத்தில் ஒரு நகைக்கடையில் வைரத் தோடு பார்த்தோம். விலை எங்கள் கைக்கு எட்டவில்லை. அப்போது கடைக்காரர், அதே வடிவத்தில் ‘வெள்ளைப் புஷ்பராகம்’ பதித்த தோட்டையும் மூக்குத்தியையும் காட்டி, “இதுவும் வைரம்போலவே மின்னும், பார்ப்பவர்களுக்கு வேறுபாடு தெரியாது” என்றார். நம்பி வாங்கலாமா ஐயா?
(குழித்துறை வாசகி)

பதில்: அம்மா, முதலில் அந்தப் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ‘வெள்ளைப் புஷ்பராகம்’ என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு கற்கள் நம் கடைகளில் விற்கப்படுகின்றன. ஒன்று நிறமற்ற சஃபையர். நீலமும் மாணிக்கமும் எந்தக் கனிமமோ அதே கனிமம், நிறம் தரும் கலப்பு இல்லாததால் வெண்மையாக இருக்கிறது. மற்றொன்று வெள்ளை டோபாஸ்; கடினத்தில் ஒரு படி குறைந்தது, பலமாக அடிபட்டால் ஒரே தளத்தில் பிளந்துவிடும் இயல்புடையது, விலையிலும் மிகவும் மலிவானது. டோபாஸ் என்ற சொல்லையும் மஞ்சள் சஃபையர் என்ற சொல்லையும் தமிழில் நாம் புஷ்பராகம் என்றே சொல்லிப் பழகிவிட்டதால், டோபாஸைக் கொடுத்து சஃபையரின் விலையை வாங்குவது எளிதாகிவிட்டது. ஆகவே, “இது சஃபையரா, டோபாஸா? ரசீதில் அந்தப் பெயரை எழுதித் தருவீர்களா?” என்று கேளுங்கள். எழுதித் தரத் தயங்கும் கடையில் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

சஃபையர்தான் என்று வைத்துக்கொள்வோம். அது நல்ல கல். சஃபையரின் கனிமத்துக்கு உலகம் முழுவதும் வழங்கும் ‘கொரண்டம்’ என்ற பெயரே நம்முடைய ‘குருந்தம்’ என்ற சொல்லிலிருந்து போனதுதான். ஆனாலும் “வைரம்போலவே மின்னும்” என்ற கடைக்காரரின் சொல்லை நான் ஏற்க மாட்டேன். ஒளியை வளைக்கும் திறனைக் குறிக்கும் ஒளிவிலகல் எண் வைரத்துக்கு 2.42, சஃபையருக்கு 1.76 முதல் 1.77 வரை. வெள்ளை ஒளியை வானவில் நிறங்களாகப் பிரிக்கும் அளவு வைரத்தில் 0.044, சஃபையரில் 0.018. வைரத்தை அசைக்கும்போது சிவப்பும் நீலமுமாகத் தெறிக்கும் பொறிகள் இந்த இரண்டாவது எண்ணிலிருந்து வருகின்றன; சஃபையரில் அவை மிகக் குறைவு. அதன் ஒளி வெள்ளியைப்போல, தெளிந்த நீரைப்போல அமைதியானது. எனக்கு அந்த அமைதி பிடிக்கும். வைரத்தின் பொறியை எதிர்பார்த்து வாங்கியவருக்கு அது பிடிக்காது.

இதில் பட்டை தீட்டிய விதத்துக்குப் பெரும் பங்கு உண்டு. மேலிருந்து கல்லுக்குள் நுழையும் ஒளி அடிப்பட்டைகளில் மோதி மீண்டும் கண்ணுக்குத் திரும்ப வேண்டும். வைரத்தில் அந்த ஒளி ஏறத்தாழ 24 பாகைக்கு மேல் சாய்ந்து மோதினாலே முழுதும் திரும்பிவிடுகிறது. சஃபையரிலோ ஏறத்தாழ 34 பாகைக்கு மேல் சாய வேண்டும். அடிப்பகுதியைத் தட்டையாக வெட்டிய சஃபையரில் ஒளி திரும்பாமல் அடிவழியே வெளியேறிவிடுவதால், கல்லின் நடுவில் சன்னல் திறந்ததுபோல் வெறுமை தெரியும். அதன் வழியே விரலின் தோலைக்கூடப் பார்க்கலாம். எடை குறையக்கூடாது என்பதற்காகப் பல கற்கள் இவ்வாறே வெட்டப்படுகின்றன. எனவே கடையின் மேற்கூரையிலுள்ள குவிவிளக்குக்குக் கீழே நின்று முடிவெடுக்காதீர்கள். அந்த விளக்கில் கண்ணாடியும் மின்னும். தோட்டை வாசலுக்கு எடுத்துச் சென்று நிழலான பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பிறகு டியூப்லைட்டின் கீழ், ஒரு கை தூரத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் மகளை உறவினர்கள் பார்க்கப்போவது அந்த வெளிச்சத்திலும் அந்தத் தூரத்திலும்தான்.

மூக்குத்தியைப் பொறுத்தவரை என் கருத்து வேறு. குமரி அம்மனின் மூக்குத்தி ஒளியைக் கலங்கரை விளக்கமென்று எண்ணிக் கப்பல்கள் பாறையில் மோதின, அதனால் கிழக்கு வாசலை அடைத்தார்கள் என்ற கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மூக்குத்தி என்றால் மின்ன வேண்டும் என்ற எண்ணம் இந்த மாவட்டத்துப் பெண்களுக்கு இயல்பாகவே உண்டு. 2 மி.மீ. அளவுள்ள சிறிய சஃபையர் அப்படி மின்னாது. ஆனால் அதே 2 மி.மீ. அளவுள்ள வைரத்தின் எடை ஏறத்தாழ 3 சென்ட்தான். நிலத்துக்குச் சொல்லும் சென்ட் அல்ல, கற்களை நிறுக்கும் கேரட் (0.2 கிராம்) என்ற அளவில் நூறில் ஒரு பங்கு. வைரத்தின் விலை, கல் பெரிதாகப் பெரிதாக எடையைக் காட்டிலும் வேகமாக ஏறுகிறது. சிறிய கல்லில் அந்தச் சுமை இல்லை. ஆகவே ஒற்றைக்கல் மூக்குத்தியை வைரத்திலேயே வாங்குங்கள். உங்கள் கைக்கு எட்டும். பெரிய கல் வேண்டியிருக்கும் தோட்டுக்கு, அந்த அமைதியான ஒளி உங்கள் மகளுக்கும் பிடித்திருந்தால், நன்கு வெட்டிய சஃபையரை வாங்குங்கள். ஒன்றை மட்டும் தவிருங்கள்: ஒரே நகையில் வைரத்தையும் சஃபையரையும் அடுத்தடுத்துப் பதிக்க வேண்டாம். பக்கத்தில் வைரம் இருந்தால் சஃபையர் உயிரற்றதாகத் தோன்றும்.

வைரத்தின் பொறி கட்டாயம் வேண்டும், பெரிய கல்லாகவும் வேண்டும் என்றால், சஃபையருக்கு முன்பாக ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட வைரத்தைப் பார்ப்பதே சரி. அது போலி அன்று. கரிமத்தால் ஆன வைரமே. அதன் விலை சில ஆண்டுகளாக மிகவும் இறங்கிவிட்டது. மேலும் இறங்கக்கூடும் என்பதால் சேமிப்பாக நினைக்காமல், அணியும் மகிழ்ச்சிக்காக மட்டும் வாங்க வேண்டும்.

கேள்வி: வளைகுடாவில் வேலை பார்த்த என் தம்பி, ஊருக்குத் திரும்பும் வழியில் கொழும்பில் தங்கி, ‘சிலோன் வெள்ளை சஃபையர்’ என்று நான்கு கற்கள் வாங்கி வந்தான். கடையின் முத்திரை குத்திய ஓர் அட்டையும் உடன் இருக்கிறது. இவை உண்மையான கற்களா என்று வீட்டிலேயே சோதிக்க முடியுமா?
(குளச்சல் வாசகர்)

பதில்: இலங்கையின் இரத்தினபுரிப் பகுதி சஃபையருக்குப் பெயர் பெற்றதுதான், ஆனால் அங்கிருந்து வரும் எல்லாக் கல்லும் அங்கே மண்ணில் விளைந்தவை என்று கொள்ள முடியாது. பிரெஞ்சு வேதியியலாளர் ஒகுஸ்த் வெர்னூயி, அலுமினியம் ஆக்சைடு பொடியைத் தீச்சுடரில் உருக்கிக் கொரண்டம் வளர்க்கும் முறையை 1902இல் வெளியிட்டார். அன்று முதல் செயற்கைச் சஃபையர் மிக மலிவாகக் கிடைக்கிறது. விலையுயர்ந்த கைக்கடிகாரங்களின் கீறல் விழாத கண்ணாடி அதுதான். சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் வைரத்துக்குப் பதிலியாக நகைகளில் பதிக்கப்பட்டதும் அதுவே.

வீட்டுச் சோதனைகளால் ஓரளவு மட்டுமே பயன் உண்டு. கட்டாத கல்லை அச்சிட்ட தாளின் மேல் முகம் கீழாக வைத்தால், நன்கு வெட்டிய வட்ட வைரத்தின் வழியே எழுத்தைப் படிக்க முடியாது, சஃபையரின் வழியே கோடுகள் தெரியும். தண்ணீருக்குள் போட்டால் சஃபையர் மங்கும், வைரம் தன் ஒளியை அவ்வளவாக இழக்காது. இவை வைரமா, வைரமில்லையா என்பதை மட்டுமே உணர்த்தும். இயற்கைச் சஃபையருக்கும் செயற்கைச் சஃபையருக்கும் கனிமமும் கடினமும் ஒளிவிலகலும் ஒன்றே என்பதால், தண்ணீரோ தாளோ ஊதிப் பார்க்கும் மூச்சோ அவற்றைப் பிரித்துக் காட்டாது. கல்லை உரைத்துப் பார்க்கும் சோதனையை அருள்கூர்ந்து செய்யாதீர்கள். கல்லின் விளிம்பு உடைவதே மிச்சமாகும்.

வேறுபாடு கல்லின் உள்ளேதான் இருக்கிறது. தீச்சுடரில் வளர்ந்த கல்லில் நுண்ணோக்கியின் கீழ் வளைந்த வளர்ச்சிக் கோடுகளும் காற்றுக் குமிழிகளும் தென்படலாம். இயற்கைக் கல்லில் நேரான வளர்ச்சிக் கோடுகளும் ஊசி போன்ற நுண்ணிய படிகங்களும் இருக்கும். நிறமற்ற கல்லில் வளைந்த கோடுகளைக் காண்பது தேர்ந்தவர்களுக்கே கடினம் என்பதால், மாசு மருவற்ற பெரிய கல் மலிவாகக் கிடைத்திருந்தால் அதையே முதல் எச்சரிக்கையாகக் கொள்ளுங்கள். இன்னொன்றும் உண்டு. இலங்கையில் ‘கெவுடா’ என்று அழைக்கப்படும் பால்நிறச் சஃபையர்கள் ஒரு காலத்தில் மதிப்பற்றவையாகக் கிடந்தன. உயர்ந்த வெப்பத்தில் சூடேற்றினால் அவற்றில் பல நீலமாகும் என்று தெரிந்தபின், வெளிர் கற்கள் பெருமளவில் உலைக்குப் போயின. எஞ்சிய வெள்ளைக் கற்களும் மெல்லிய மஞ்சள் சாயலைப் போக்கச் சூடேற்றப்படுவதுண்டு. சூடேற்றுவது குற்றமன்று, வணிகத்தில் ஏற்கப்பட்ட வழக்கமே. அதைச் சொல்லாமல் விற்பதுதான் குற்றம்.

கடை முத்திரை இட்ட அட்டையை ஆய்வகச் சான்றாக எண்ண வேண்டாம். விற்பவரே தன் பொருளுக்குத் தரும் சான்று அது. கற்களை விற்காத, தனித்து இயங்கும் ஆய்வகத்தின் அறிக்கையே சான்று. ஜெய்ப்பூரிலும் மும்பையிலும் அத்தகைய ஆய்வகங்கள் உள்ளன. காப்பீட்டுடன் அனுப்பும் செலவும் ஆய்வுக் கட்டணமும் சேரும்போது, சிறிய கல்லுக்கு அது கட்டுப்படியாகாமல் போகலாம். நான்கில் பெரிய கல் ஒன்றை மட்டும் முதலில் அனுப்பிப் பாருங்கள். அது செயற்கை என்று வந்துவிட்டால் மற்ற மூன்றுக்கும் செலவழிக்க வேண்டியிருக்காது.

கேள்வி: அமெரிக்கன் டயமண்ட், சிர்கான், மோய்சனைட், வெள்ளை சஃபையர் எல்லாம் ஒன்றுதானா?
(தக்கலை வாசகி)

பதில்: நான்கும் வேறு வேறு. நம் மணவாளக்குறிச்சி அருமணல் ஆலையில் கடல் மணலிலிருந்து இல்மனைட், ரூட்டைல், கார்னெட் ஆகியவற்றோடு பிரித்தெடுக்கிறார்களே, அந்தச் சிர்கான் இயற்கைக் கனிமம். அதன் பெரிய படிகங்கள் நகைக்கல்லாகும்போது நன்றாக மின்னும், ஆனால் பட்டை விளிம்புகள் விரைவில் தேயும். அமெரிக்கன் டயமண்ட் எனப்படுவது கியூபிக் சிர்கோனியா என்னும் செயற்கைப் பொருள். 1976 முதல் வணிக அளவில் உற்பத்தியாகிறது. பெயரில் ஒற்றுமை இருக்கிறதே தவிரப் பொருள் வேறு. அது சஃபையரைவிட அதிகமாக மின்னும். அதனால்தான் புதிதாக இருக்கும்போது வைரம் என்றே ஏமாற்றிவிடுகிறது. ஆனால் வைரத்தை 10 என வைக்கும் கடின அளவுகோலில் அது 8 முதல் 8.5 வரைதான் என்பதால் சில ஆண்டுகளில் பட்டைகள் மழுங்கத் தொடங்கும். மோய்சனைட் என்பது சிலிக்கன் கார்பைடு. கடினம் ஏறத்தாழ 9.25, நிறப்பொறி வைரத்தைக் காட்டிலும் இரண்டு மடங்குக்கும் மேல். கடைகளில் வைத்திருக்கும், வெப்பத்தைக் கொண்டு சோதிக்கும் கருவி மோய்சனைட்டையும் வைரம் என்றே காட்டிவிடும். சஃபையரை அந்த அளவுக்குக் குழப்பிக்கொள்ளாது.

கேள்வி: மூன்று மாதங்களுக்கு முன்பு நாகர்கோவிலில் ஒரு கடையில் வெள்ளைக்கல் நெக்லஸ் வாங்கினோம். அண்மையில் அதை மாற்றி வேறு நகை எடுக்கச் சென்றபோது, கல்லுக்கு மதிப்பே இல்லை என்று சொல்லி, அதன் எடையையும் கழித்துவிட்டார்கள். வாங்கும்போது முழு எடைக்கும் தங்க விலை போட்டிருந்தது இப்போதுதான் தெரிகிறது. ஹால்மார்க் முத்திரை இருந்தும் இப்படி நடக்கலாமா?
(வடசேரி வாசகர்)

பதில்: உங்கள் மனவருத்தம் நியாயமானது. கல் நகை வாங்கும் பலருக்கும் நேரும் இழப்பு இது. எல்லோரும் விற்கும் நாளில்தான் இதை அறிகிறார்கள். ஹால்மார்க் முத்திரை தங்கத்தின் தூய்மையை மட்டுமே உறுதி செய்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் சின்னம், 22 காரட்டுக்கு 916 என்பது போன்ற தூய்மைக் குறி, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறிலக்க எச்.யு.ஐ.டி. எண் ஆகிய மூன்றும் அதில் இருக்கும். 2023 ஏப்ரல் 1 முதல் இந்த எண் உள்ள நகையைத்தான் ஹால்மார்க் நகையாக விற்க முடியும். ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். ஆனால் கல் சஃபையரா கண்ணாடியா என்பதைப் பற்றி அந்த முத்திரை எதுவும் சொல்வதில்லை.

எடைக் கணக்கைப் பாருங்கள். ஒரு கிராமுக்கு 5 கேரட். 3 மி.மீ. அளவுள்ள வட்ட சஃபையர் ஒன்று ஏறத்தாழ 0.13 கேரட் இருக்கும். ஒரு நெக்லஸில் அத்தகைய கல் 40 இருந்தால் மொத்தம் 5.2 கேரட், அதாவது 1 கிராமுக்குச் சற்று அதிகம். அந்த ஒரு கிராமைத் தங்கமாகக் கணக்கிட்டால், கல்லுக்குத் தனியாக வாங்கிய விலை போதாதென்று, கல்லின் எடைக்குத் தங்க விலையும் சேர்ந்துகொள்கிறது. அதன்மேல் சேதாரமும், எல்லாவற்றுக்கும் மேலாக 3 சதவீத ஜி.எஸ்.டி.யும் ஏறுகின்றன. அமெரிக்கன் டயமண்ட் என்றால் இழப்பு இன்னும் கூடும். அது சஃபையரைக் காட்டிலும் கனமான கல். எனவே ரசீதில் மொத்த எடை, கல்லின் எடை, தங்கத்தின் நிகர எடை ஆகிய மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். தங்க விலையும் சேதாரமும் நிகர எடைக்கு மட்டுமே போடப்பட வேண்டும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: ரசீதின் நகலுடன் கடைக்கு எழுத்துவழிப் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்குங்கள். அவர்கள் மறுத்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும்; செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. கடை வெளியூரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பதையும் மற்ற வாசகர்கள் நினைவில் வையுங்கள். நகையை உருக்கவோ மாற்றவோ செய்யாமல் அப்படியே வைத்திருங்கள். அதுவே உங்கள் சாட்சி.

கல்லுக்கு மறுவிற்பனை மதிப்பு இல்லை என்று கடைக்காரர் சொன்னது பெரும்பாலும் உண்மை. வெள்ளை சஃபையரைத் திரும்ப வாங்கும் சந்தை நம் ஊரில் இல்லை. வாங்கிய கடையே இத்தனை சதவீதத்துக்குத் திரும்ப எடுத்துக்கொள்வதாக எழுதித் தந்தாலன்றி, கல்லுக்குக் கொடுக்கும் பணத்தைச் செலவாகவே கொள்ள வேண்டும்.

கேள்வி: சுக்கிர தசைக்கு வைரம் அணிய வேண்டும் என்று ஜோதிடர் சொன்னார். வசதி இல்லையென்றால் வெள்ளை சஃபையர் போதும் என்கிறார். வாங்கலாமா?
(சுசீந்திரம் வாசகி)

பதில்: வெள்ளை சஃபையரைச் சுக்கிரனுக்கு உபரத்தினமாகச் சொல்லும் வழக்கம் உண்டு, நம்பிக்கை உங்களுடையது, அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் ஜோதிடரே கல்லையும் விற்றால், விலையை இரண்டு கடைகளிலாவது விசாரித்துவிட்டு வாங்குங்கள். ‘இயற்கைக் கல், சூடேற்றாதது’ என்று கூடுதல் விலை கேட்டால், அந்தச் சொற்கள் ஆய்வக அறிக்கையில் இருக்க வேண்டும். கல்லைக் கேரட் எடையில் மட்டும் பார்க்காமல் மி.மீ. அளவிலும் கேளுங்கள், சஃபையர் வைரத்தைவிடக் கனமானது என்பதால், 6.5 மி.மீ. வட்ட வைரம் ஒரு கேரட் என்றால் அதே அளவு சஃபையர் அதைவிடக் கூடுதல் எடை இருக்கும்.

கேள்வி: முட்டத்தில் கடற்கரையை ஒட்டி வீடு. தினமும் தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்ப்பேன். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு வாங்கிய வெள்ளை சஃபையர் கம்மல் இப்போது மங்கலாக இருக்கிறது. உப்புக் காற்று கல்லை அரித்துவிட்டதா?
(முட்டம் வாசகி)

பதில்: இல்லை. உப்புக் காற்றோ வியர்வையோ சஃபையரை அரிக்காது. மணலும் கீறாது: கடற்கரை மணலிலுள்ள குவார்ட்ஸின் கடினம் 7, கார்னெட்டும் அதையொட்டியே இருக்கும், சஃபையருடையது 9. ஆனால் வைரத்தோடு ஒரே பெட்டியில் போட்டுவைத்தால் வைரம் கீறிவிடும். 9க்கும் 10க்கும் இடையே உள்ள கடின வேறுபாடு, எண்கள் காட்டுவதைவிடப் பல மடங்கு பெரியது.

மங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் எண்ணெயாகவே இருக்கும். கல்லின் பின்புறம் எண்ணெயும் சோப்பும் சேர்ந்து படியும்போது, அடிப்பட்டைகளில் திரும்ப வேண்டிய ஒளி கசிந்துவிடுகிறது. வைரத்திலும் இது நடக்கும். ஒளியைத் திருப்பும் திறன் முன்பே குறைவான சஃபையரில் இது உடனே கண்ணில் படும். வெதுவெதுப்பான தண்ணீரில் சில துளிகள் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, கால்மணி நேரம் ஊறவைத்து, மென்மையான பல்துலக்கியால் பின்புறத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். பத்து நாளுக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டியிருக்கும். இந்தக் கல்லை வாங்குகிறவர் ஏற்க வேண்டிய வேலை அது.

ஆனால் கம்மலின் பின்புறம் மூடியிருந்தால் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். வடசேரியில் செய்யும் கோயில் நகைகளில் கெம்புக் கல்லுக்குப் பின்னால் ரேக்கு வைப்பதுபோல, வெள்ளைக் கல்லுக்கும் ஒளி கூட்டப் பின்னால் பளபளக்கும் தகடு வைத்து மூடியிருக்கலாம். நீர் புகுந்தால் அந்தத் தகடு கறுத்துவிடும், பிறகு எவ்வளவு கழுவினாலும் கல் தெளியாது. அதைப் பிரித்துத் தகடு மாற்றித் தருமாறு ஆசாரியிடம் கேளுங்கள். அப்போது ஒரு சொல் சொல்லிக் கொடுங்கள்: பற்றவைக்கும் முன் கல்லைக் கழற்றிவிட வேண்டும். சூட்டை சஃபையர் ஓரளவு தாங்கும். ஆனால் பற்றாசோடு சேர்க்கும் வெண்காரம் அந்தச் சூட்டில் சஃபையரின் மேற்பரப்பை அரித்துக் குழியாக்கிவிடும், மறுபடி பட்டை தீட்டாமல் அது சரியாகாது.